கையை எடுக்கும் நேரம்

மடியில் செவலைப் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோ வருவதற்குள் அது தானாக எழுந்து எங்காவது போய்விட்டால் தேவலை என்று சாந்தாமணி நினைத்தாள். நினைத்த மறுகணமே, எழுந்துவிடக் கூடாது, இப்படியே கிடக்கட்டும், ஆட்டோ வழியில் எங்காவது பஞ்சராகி நிற்கட்டும் என்றும் நினைத்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெகு நேரமாகிவிட்டது. இடது கால் மரத்துப்போய் வேறு யாருடைய காலோ போல இருந்தது. நீட்டினால் செவலை விழித்துக்கொள்ளும். துண்டு மடிக்கிற கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். பூனைக்காக லீவு வேண்டும் என்று எப்படிக் கேட்பது, தலைவலி என்றாள், சொன்ன பிறகு நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது. கதவு திறந்துதான் இருந்தது. வெளிப்படிக்கட்டில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழ் வீட்டில் வீட்டுக்காரர் தங்கமுத்து அண்ணனின் பேத்தி எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தாள், டங் டங் என்று, கிண்ணமாக இருக்கும். அந்தக் குழந்தைக்காகத்தான் இதெல்லாம். குழந்தையைக் குறை சொல்ல முடியுமா. அண்ணனையும்தான் என்ன சொல்ல முடியும். பூனை கடித்துக் கட்டுப் போட்ட கையோடு மாடியேறி வந்து, உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்று, "சாந்தாமணி, நான் ஒண்ணும் ஈரமில்லாதவன் இல்ல. எனக்கும் அது மேல பிரியந்தான். ஆனா பாப்பா தவழ ஆரம்பிச்சிட்டா. அவ போய் வாலைப் புடிச்சா என்னாகும்னு நீயே நினைச்சுப் பாரு," என்றார். நினைத்துப் பார்க்க வேண்டியதே இல்லை. "சரிங்கண்ணா," என்றாள். அவர் இன்னும் கொஞ்சம் நின்றார், அவள் கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்திருப்பார் போல. கெஞ்சியிருந்தால் இரங்கியிருப்பாரோ. கெஞ்சுவதை அவள் விட்டுவிட்டாள். யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று, கேட்டுக் கேட்டுத்தானே ஒருத்தியைத் தொலைத்தோம் என்று, ஆனால் அதை இப்போது நினைக்க வேண்டாம், பூனையை நினைப்போம், இன்னும் கொஞ்ச நேரம்தான் இது இங்கே இருக்கப்போகிறது.

அது மூச்சு விடும்போது விலா மேலெழும்பி அவள் வயிற்றில் பட்டது. செம்மண் நிறம், கழுத்தடியில் மட்டும் வெள்ளை. மழைக்காலத்தில் வந்தது. மகள் தாரணி கோபித்துக்கொண்டு ஓசூருக்குப் போன பிறகு வந்த மழைக்காலம். படிக்கட்டின் கீழே துணி துவைக்கிற கல்லுக்கடியில் நனைந்து கிடந்தது, பின்னங்கால் ஒன்றை இழுத்து இழுத்து நடந்தது. ஒரு கிண்ணத்தில் தயிர்ச்சோறு வைத்தாள். தின்றுவிட்டுப் போகும் என்று பார்த்தால், தின்ற வாயோடு வந்து அவள் கணுக்காலில் தலையை முட்டியது. முட்டியதோடு நிற்காமல் சுற்றிச் சுற்றி உரசியது, சேலைக் கரையில் ஈரமெல்லாம் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு அவளைத் தொட்ட ஒரே உயிர் அதுதான். அன்றைக்கு மட்டுமா, அதற்கு முந்தி எத்தனை நாள். புருசன் செத்துப்போய், ஒரே பெண்ணையும் கட்டிக்கொடுத்துவிட்ட பொம்பளையை யார் தொடப்போகிறார்கள். பஸ்ஸில் இடிப்பதைக் கணக்கில் சேர்க்க முடியாது. அவள் குனிந்து அதன் தலையைத் தடவினாள், முதுகைத் தடவினாள், ஈர மயிருக்கடியில் எலும்பு எலும்பாக இருந்தது, அய்யோ சாமி, என்று சொல்லிக்கொண்டே தடவினாள், அது கண்ணைச் சொருகிக்கொண்டு குர்குர் என்றது, வால் பக்கம் வரைக்கும் கையைக் கொண்டுபோனாள், மறுபடியும் தலையிலிருந்து, மறுபடியும், திடீரென்று அது திரும்பி மணிக்கட்டில் பல்லைப் பதித்துவிட்டது. பதித்துவிட்டு ஓடவும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அவளைப் பார்த்தது. ரத்தம் வந்ததைவிட அந்தப் பார்வைதான் அவளுக்குப் புரியவில்லை. சோறு போட்ட கை, தடவிய கை. நான் என்ன செய்தேன் உன்னை. இதே கேள்வியை அவள் அதற்கு முன்பும் ஒருமுறை கேட்டிருந்தாள், சுவரெல்லாம் ரசம் வழிந்துகொண்டிருந்த ஒரு காலையில்.

அதற்குப் பிறகு எத்தனை கடி. கம்பெனியில் முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கொண்டு போனாள். பக்கத்து மேஜைக்காரி கேட்டதற்கு முள்வேலியில் கீறிக்கொண்டது என்றாள். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்து, அதே கையால் அதற்குச் சோறு வைத்தாள். ஊசி போட்ட நர்ஸ், "தெருப்பூனையை எதுக்கும்மா தொடுறீங்க," என்றபோது தலையாட்டினாள். பயம் இருந்தது. பாயில் படுத்துத் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்து, எனக்குத் தண்ணீரைக் கண்டு பயம் வருகிறதா, வரவில்லை, வருகிறதா, என்று தன்னையே சோதித்துக்கொண்டாள். ஆனால் கதவைச் சாத்தவில்லை. ஏனென்றால் கடித்த அன்றைக்கும் அது வந்து மடியில்தான் படுத்தது. பிரியமில்லாமலா வந்து படுக்கும். பிரியமாக இருந்தால் ஏன் கடிக்கிறது. இந்த இரண்டையும் அவளால் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியவில்லை. ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. கடைசியில் ஒரு கட்டைப்பையில் அதைப் போட்டு, மேலே துண்டைச் சுற்றி, கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாள். அங்கே ஒரு ஆட்டுக்கும் கன்றுக்குட்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சின்னப்பெண், தாரணி வயதுதான் இருக்கும், தாரணி மாதிரியே காதோரம் முடி சுருண்டிருந்தது. தடுப்பூசி போட்டாள். பின்னங்காலை அழுத்திப் பார்த்தாள், செவலை உறுமியது. "இடுப்பெலும்பு எப்பவோ அடிபட்டுக் கோணலாச் சேர்ந்திருக்கும்மா. வண்டி ஏதாவது தட்டியிருக்கும். அங்க கை பட்டா வலிக்கும்," என்றாள். "அது மட்டும் இல்ல. சில பூனைக்குக் கொஞ்ச நேரம் தடவினாத்தான் புடிக்கும். அதுக்கு மேல தாங்காது. தாங்காதுன்னு அது சொல்லும். வால் நுனி ஆடும், காது பின்னால போகும், தோல் துடிக்கும். நீங்க பார்க்கறதில்ல. திரும்பத் திரும்பச் சொல்லியும் கேக்கலைன்னா கடைசியாத்தான் கடிக்குது." சாந்தாமணி, "பாசமாத்தானுங்க தடவினேன்," என்றாள். டாக்டர் சிரித்தாள். "அதுக்கும் தெரியும் பாசம்னு. ஆனாலும் போதும்னா போதும்தானே. கையை எடுத்துடணும். எடுத்துட்டா அதுவே திரும்பி வரும்." போதும்னா போதும்தானே. அந்தப் பெண் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆட்டைப் பார்க்கப் போய்விட்டாள். சாந்தாமணி கட்டைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே இருந்தாள், பஸ் ஒன்று வந்து போய்விட்டது, இன்னொன்றும் போய்விட்டது.

போதும்மா. அவள் சொல்லத்தான் செய்தாள். தாரணி. முதல் நாளே சொன்னாள். வயிற்றில் இருந்தது தங்காமல் போய், ஓசூரிலிருந்து மருமகன் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனபோது, வந்ததும் வராததுமாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சாந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதினாள். அழுது தீர்த்துடு கண்ணு என்றாள். அவள் அழவில்லை. "போதும்மா, தூங்கறேன்," என்றாள். தூங்குகிறவளுக்குக் காலைப் பிடித்துவிட்டாள். வெந்நீர் வைத்து, எண்ணெய் தேய்த்து, பூண்டுக் குழம்பு வைத்து, பக்கத்து வீட்டு மகராசிக்கு இப்படித்தான் ஆகி அப்புறம் இரட்டைப் பிள்ளை பிறந்த கதையைச் சொல்லி, டாக்டர் என்ன சொன்னார், மாமியார் என்ன சொன்னாள், ராத்திரி உதிரம் போச்சா, வலிக்குதா, எங்கே வலிக்குது, அம்மாகிட்டச் சொல்லு. போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டாளே, அது என்ன. காது பின்னால் போவதுதானே அது. பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வெகு நேரம் வராமல் இருந்தாளே, அது. இவள் கதவைத் தட்டினாள். தண்ணீர் சத்தம் கேட்கலையே கண்ணு, என்ன பண்றே, கதவைத் தொறடா சாமி. என்ன பயம் இருந்ததோ அப்படித் தட்டினாள். யாருக்குத்தான் பயம் இருக்காது. செத்துக்கித்துப் போய்விடுவாளோ என்று பயந்தது பொய்யா. அந்தப் பயத்தை யாரிடம் கொண்டுபோய் வைப்பது, பிள்ளையின் மேல்தானே வைக்க முடியும். அன்றைக்குக் காலையில் ரசம் சோறு பிசைந்து, ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று உதட்டருகே கொண்டுபோனபோது தட்டு பறந்தது. தாரணி எழுந்து நின்றிருந்தாள். "நீ தொட்டாலே எனக்கு மூச்சு முட்டுதும்மா. என் குழந்தை போனதுக்கு நான் அழணும்னாக்கூட உன்கிட்டக் கேட்டுட்டுத்தான் அழணுமா. எனக்கு எடமே இல்ல. இந்த வீட்டுல எனக்கு நிக்க எடமே இல்ல." நான் என்ன செய்தேன் உன்னை, என்று சாந்தாமணி கேட்டாள். கேட்டுக்கொண்டே போய் அவள் கையைப் பிடித்தாள். அப்போதும் பிடித்தாள். அந்தக் கையைத்தான் தாரணி உதறினாள், உதறியதில் இவள் அலமாரியில் போய் மோதிக்கொண்டாள், இரண்டு பேரும் அதிர்ந்து நின்றார்கள். தாரணி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை. செவலை பார்த்ததே, அதே பார்வை. மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

செவலை தூக்கத்தில் காலை உதறியது. எலி ஏதாவது கனவில் ஓடும். சாந்தாமணியின் வலது கை தரையில் இருந்தது, உள்ளங்கை மேலே பார்த்தபடி. இப்படி வைத்துக்கொள்ளப் பழகுவதற்குப் படாத பாடு பட்டிருக்கிறாள். கை தானாகப் போகும். மயிரைக் கண்டால், சூட்டைக் கண்டால், போகும். போகிற கையைப் பிடித்து இழுத்துத் தரையில் வைப்பாள். தலையில் கொஞ்சம், கன்னத்தில் கொஞ்சம், அவ்வளவுதான், இடுப்புப் பக்கம் போகக் கூடாது, வால் நுனி லேசாக அசைந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுத்த முதல் நாள் அது நிமிர்ந்து பார்த்தது. அட, கேட்டுவிட்டதே இவளுக்கு, என்கிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்துத் தரையில் கிடந்த கைக்குள் தானே வந்து முகத்தைப் புதைத்தது. அன்றைக்கு அவள் சத்தமில்லாமல் அழுதாள். அதற்குப் பிறகு அவளை அது கடிக்கவே இல்லை. எவ்வளவு சுலபமாக இருந்தது. இவ்வளவுதானா. அப்புறம் அவள் தாரணிக்குப் போன் பண்ணுவதையும் நிறுத்தினாள். அதுவரைக்கும் தினமும் பண்ணிக்கொண்டிருந்தாள், எடுக்காவிட்டால் மருமகனுக்கு, அவனும் எடுக்காவிட்டால் குரலைப் பதிந்து அனுப்புவாள், சாப்பிட்டியா கண்ணு, அம்மா மேல கோபமா கண்ணு. எல்லாவற்றையும் நிறுத்தினாள். கையை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டாள். எடுத்துட்டா அதுவே திரும்பி வரும். டாக்டர் பூனையைத்தான் சொன்னாள் என்று தெரியும். மனுசப்பிள்ளை வேறு என்று தெரியும். தன் பெண்ணைப் பூனையோடு சேர்த்து நினைக்கிறோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஆனாலும் காத்திருந்தாள். ஆடி போய்த் தீபாவளியும் போய்விட்டது. இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அம்மா கூப்பிடுவதே இல்லை, அவளும் விட்டுவிட்டாள் என்று தாரணி நினைத்துக்கொண்டிருந்தால். நான் விடவில்லை கண்ணு, கையைத்தான் எடுத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது. போன் பண்ணிச் சொல்லலாம். சொன்னால் அதுவும் ஒரு தொடுதல்தானே. சொல்லாவிட்டால் அவளுக்கு எப்படித் தெரியும். இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை செக்குமாடு மாதிரி திரும்பிவிடுகிறது. சொல்லலாம். சொன்னால் தொடுதல். சொல்லாவிட்டால் தெரியாது.

அலமாரியில் போன் அடித்தது. செவலையின் காது மட்டும் திரும்பியது. சாந்தாமணி எழுந்திருக்கப் பார்த்தாள், மரத்த கால் கேட்கவில்லை, அசைந்ததில் செவலை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவளாக இருக்கும். நினைத்தோம், கூப்பிடுகிறாள். அவளாக இருக்காது. பூனையை மெள்ள இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்து, சுவரைப் பிடித்து எழுந்து, காலை இழுத்து இழுத்துப் போவதற்குள் நின்றுவிட்டது. பார்த்தாள். ஆட்டோக்காரர் நம்பர். தெருமுனையில் இருக்கிறேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார். கீழே ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. செவலை தூக்கம் கலைந்த கோபமில்லாமல் முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. தங்கமுத்து அண்ணனும் பாவம். பூனையே ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்த மனுசன், ரிடையர் ஆன பிறகு பொழுது போகாமல், டீவி பார்க்கும்போது காலடியில் வந்து உட்கார்ந்த செவலைக்குப் பிஸ்கட் போட ஆரம்பித்து, "வாடா மாப்ள," என்று கூப்பிடுகிற அளவுக்கு வந்திருந்தார். அவரிடம் வாலைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாமென்று நினைத்தாள். வீட்டுக்காரருக்குப் போய்ப் பாடம் எடுப்பதா என்று விட்டுவிட்டாள். பிரியம் தாங்காமல் ஒருநாள் அள்ளித் தூக்கி அதன் இடுப்பை அழுத்தி அணைத்திருக்கிறார். கட்டைவிரலுக்குக் கீழே பல் எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது.

ஆட்டோக்காரர் நாச்சிமுத்து மூடி போட்ட கோழிக்கூடையோடு மேலே வந்தார். காங்கேயம் ரோட்டில் அவருடைய மச்சான் அரிசி மில்லில் வேலை. எலித் தொந்தரவு, பூனை ஒன்று வேண்டும் என்று சொல்லியிருந்தானாம். நல்ல இடம் என்றுதான் சாந்தாமணியும் ஒத்துக்கொண்டாள். கூடைக்குள் தன் பழைய சேலையை மடித்துப் போட்டாள். செவலையைத் தூக்கினாள், இடுப்பில் கை படாமல், நெஞ்சுக்கடியில் ஒரு கை கொடுத்து. கடிக்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. கடித்தால் கொஞ்சம் கோபம் வரும், கோபத்தோடு கொடுத்துவிடலாம். அது அவள் கழுத்துக் குழியில் மூக்கை வைத்து முகர்ந்தது. கூடைக்குள் போனதும்தான் ஏதோ புரிந்து ஒருமுறை கத்தியது. "நாச்சிமுத்துண்ணா, மில்லுல சொல்லிடுங்க," என்றாள், "தலையில மட்டும் தடவச் சொல்லுங்க. இடுப்புல தொட வேண்டாம். வால் நுனி ஆடுச்சுன்னா கையை எடுத்துடச் சொல்லுங்க. எடுத்துட்டா ஒண்ணும் பண்ணாதுங்க. நல்ல பூனைங்க." நாச்சிமுத்து கூடை மூடியைக் கயிற்றால் கட்டிக்கொண்டே, நல்ல மனதோடு, அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். "நீங்க கவலையே படாதீங்கக்கா. அங்க அது யாரையும் கடிக்காது. மூட்டை தூக்கறவங்க, எப்பவும் மெசின் ஓடிட்டே கிடக்கும். அங்க யாருங்க அதை உக்காந்து தடவப்போறாங்க."

அவர் படியிறங்கினார். ஆட்டோ கிளம்பித் தெருவைத் தாண்டுகிற வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது, பூனைச் சத்தமா, ஆட்டோ பிரேக்கா என்று தெரியவில்லை. சாந்தாமணி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மரத்த காலுக்குள் இப்போதுதான் ரத்தம் ஓடி ஊசி ஊசியாகக் குத்தியது. கீழே கிண்ணம் தட்டும் சத்தம் நின்றிருந்தது. தங்கமுத்துவின் சம்சாரம் மரகதம் அக்கா மூச்சு வாங்க மாடியேறி வந்தார், கையில் ஒரு டம்ளர் காப்பி. "ஆறிப் போயிரும், குடி," என்று பக்கத்தில் வைத்துவிட்டு, தரையில் அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். தோளைச் சுற்றிக் கை போட்டு இழுத்து அணைத்தார். எவ்வளவு காலம் கழித்து ஒரு மனுசக் கை. சாந்தாமணிக்கு உடம்பு அப்படியே தளர்ந்தது, அக்காவின் தோளில் தலை சாய்ந்தது, மஞ்சளும் பவுடரும் கலந்த வாசனை. "அழுதுரு சாமி. அழுதா தீந்துரும். வாயில்லாச் சீவன்தான், ஆனா பிள்ளையாட்டந்தான வெச்சிருந்தே," என்று முதுகைத் தடவினார். தடவிக்கொண்டே பேசினார். அவர் வீட்டில் முன்பு ஒரு நாய் இருந்ததாம், அது செத்தபோது அவர் எத்தனை நாள் சாப்பிடவில்லை என்று. வேறு பூனை வரும் என்று. தாரணிக்குச் சீக்கிரம் ஒரு குழந்தை பிறந்துவிட்டால் பூனையெல்லாம் எதற்கு என்று. கை மேலிருந்து கீழே வந்தது, மறுபடி மேலிருந்து கீழே. எங்கேயோ ஓரிடத்தில் அந்தச் சூடு சூடாக இல்லாமல் போயிற்று. ஜாக்கெட்டுக்கடியில் தோல் துடித்தது. கை அடுத்த தடவை வரும் என்று தெரிந்து முதுகு முன்கூட்டியே இறுகியது. மூச்சு உள்ளே போக இடமில்லை. இந்த அம்மாள் மேல் ஒரு குறையும் இல்லை, இவ்வளவு நல்லவர் இந்தத் தெருவிலேயே கிடையாது, ஆனாலும் அந்தக் கை இன்னும் ஒரு தடவை கீழே இறங்கினால் தட்டிவிட்டுவிடுவோம், டம்ளரைத் தூக்கி எறிந்துவிடுவோம் என்று சாந்தாமணிக்குத் தெரிந்தது. உடம்பெல்லாம் தெரிந்தது. கண்ணு, என்று மனதுக்குள் கூப்பிட்டாள். இப்படியாடா இருந்துச்சு. இப்படியா இருந்துச்சு உனக்கு.

"போதுங்கக்கா," என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். முடிந்தவரைக்கும் பணிவாக. மரகதம் அக்காவின் கை முதுகில் அப்படியே நின்றது. அப்புறம் எடுத்துக்கொண்டார். முகம் சட்டென்று வாடிப்போயிற்று, என்ன தப்புச் செய்தோம் என்று தேடுகிற முகம், அன்றைக்குச் சோறு கொண்டுபோன கையோடு தான் நின்ற முகம். அந்த முகத்தை வெளியிலிருந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று சாந்தாமணிக்கு இதுவரைக்கும் தெரியாது. பார்க்க முடியவில்லை. தாரணியும் பார்க்க முடியாமல்தான் போயிருப்பாள். "சரி, நீ கொஞ்சம் தனியா இரு," என்று மரகதம் அக்கா முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ள நேரமெடுத்துக்கொண்டார், கூப்பிட்டால் திரும்பலாம் என்று. கூப்பிட வேண்டும் போலத்தான் இருந்தது. கூப்பிட்டு, உங்க மேல ஒண்ணுமில்லக்கா, என்று சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாகக் கீழே போய்க்கொண்டிருந்தது.